முதலுதவிப் பெட்டிக்கு ஒரு ஆள் உண்டு... பாப்பாவுக்கு?

காலையில் சாத்தூர், வெம்பக்கோட்டை, சிவகாசி பக்கம் போயிருக்கிறீர்களா? ரோட்டோரம் தூக்குவாளியோடு அக்காக்கள் நிற்பார்கள். வேன் வரும், ஏறுவார்கள், போய்விடுவார்கள். அந்த ஊர்களில் 'ஃபேக்டரி' என்று யாரும் சொல்வதில்லை. பட்டாசும் 'ஆபீஸ்'தான், தீப்பெட்டியும் 'ஆபீஸ்'தான்.

வேன் போன பிறகு ஒரு கேள்வி மிச்சம் இருக்கும். அந்த அக்காவோட ரெண்டு வயசுப் பாப்பா இப்போ யார்கிட்ட இருக்கு? பாப்பா தொண்டையில் நிலக்கடலை சிக்கினா என்ன செய்யணும்னு அந்த ஆளுக்குத் தெரியுமா?

'இது பட்டாசு ஊர்ப் பிரச்னை, நமக்கென்ன' என்று ஸ்க்ரோல் பண்ணிவிடாதீர்கள். உங்கள் அக்கா பையன் சென்னையில் போகிற ப்ளே ஸ்கூலுக்கும், கோவையில் உங்கள் ஐ.டி. கம்பெனி ஒப்பந்தம் போட்டிருக்கும் குழந்தைக் காப்பகத்துக்கும் இதே கேள்விதான். பதிலும் பெரும்பாலும் ஒன்றுதான்: 'ஃபர்ஸ்ட் எய்ட் பாக்ஸ் இருக்கு சார்.' பாக்ஸ் இருக்கிறது சரி, ஆள் எங்கே?

அச்சங்குளம் என்றதும் நினைவுக்கு வருவது

சாத்தூருக்குப் பக்கத்தில் இருக்கும் அச்சங்குளத்தின் பெயர் நாடு முழுக்கக் கேட்டது 2021 பிப்ரவரி 12, வெள்ளிக்கிழமை. பட்டாசு ஆலையில் மதிய நேரத்தில் வெடி விபத்து. 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே வழக்காக எடுத்துக்கொண்டு, முன்னாள் நீதிபதி கே. கண்ணன் தலைமையில் குழு அமைத்தது. உரிமம் ஒருவர் பெயரில் இருக்க, அறைகள் உள்குத்தகைக்குப் போவது பற்றி அப்போது நிறையப் பேசினோம். மருந்துக் கலவை, உராய்வு, ஓர் அறையில் எத்தனை பேர் என்று எல்லாவற்றையும் அலசினோம். அவையெல்லாம் பேசியே ஆக வேண்டிய விஷயங்கள்தான்.

பேசாமல் விட்டது ஒன்று உண்டு. பட்டாசு ஆபீஸில் வேலை செய்யும் பெண்ணுக்கு ஒரே நாளில் இரண்டு இடத்துப் பாதுகாப்பு பற்றிய கவலை. ஒன்று, தான் உட்கார்ந்திருக்கும் அறை. இன்னொன்று, பிள்ளையை விட்டுவிட்டு வந்த அறை. முதல் அறைக்கு விதிகள் கட்டுக்கட்டாக இருக்கின்றன. ரெண்டாவது அறைக்கு?

இந்த வட்டாரத்துக்கு இது பழைய கடன். சிவகாசி என்றாலே ஒரு காலத்தில் குழந்தைத் தொழிலாளர்கள்தான் நினைவுக்கு வருவார்கள். 1986-ல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. சிவகாசிக் குழந்தைகளுக்காக எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1996-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. 2016 திருத்தம், 14 வயதுக்கு உட்பட்டவர்களை வேலைக்கு வைப்பதை எல்லாத் தொழில்களிலும் தடை செய்தது. குடும்பத் தொழிலில் பள்ளி நேரம் போக உதவுவது போன்ற சில விலக்குகள் மட்டும் உண்டு. பிள்ளைகளை ஆபீஸைவிட்டு வெளியே கொண்டுவர இத்தனை வருஷப் போராட்டம். வெளியே வந்த பிள்ளைகளில் பெரியவர்களுக்குப் பள்ளிக்கூடம் கிடைத்தது. ஆறு வயதுக்குக் கீழே இருக்கும் குட்டிகள் எங்கே, யாருடன் என்பதில்தான் நம் கவனம் பாதியில் நிற்கிறது.

சட்டம் என்ன சொன்னது?

1948 தொழிற்சாலைகள் சட்டத்தை எடுத்துக்கொள்வோம். அதில் இரண்டு பிரிவுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால் விஷயம் புரிந்துவிடும்.

45-வது பிரிவு முதலுதவி பற்றியது. 150 தொழிலாளர்களுக்கு ஒரு முதலுதவிப் பெட்டி வேண்டும். ஒவ்வொரு பெட்டிக்கும் தனித்தனியாக ஒரு பொறுப்பாளர் வேண்டும். அவர் மாநில அரசு அங்கீகரித்த முதலுதவிச் சான்றிதழ் வைத்திருக்க வேண்டும். வேலை நேரம் முழுக்கக் கூப்பிட்டால் வரும் தூரத்தில் இருக்க வேண்டும். பெட்டி, ஆள், சான்றிதழ், நேரம் என நான்கையும் அந்தப் பிரிவு கேட்டது.

48-வது பிரிவு குழந்தைக் காப்பகம் பற்றியது. 30-க்கு மேல் பெண்கள் வேலை செய்தால், அவர்களுடைய ஆறு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்குத் தனி அறை வேண்டும். வெளிச்சம், காற்றோட்டம், சுத்தம் வேண்டும். குழந்தைகளைப் பராமரிப்பதில் பயிற்சி பெற்ற பெண்கள் பொறுப்பில் அது இருக்க வேண்டும். மாநில அரசு கூடுதலாக விதி எழுதலாம் என்று சொல்லி, துணி துவைக்க வசதி, இலவசப் பால் அல்லது சிற்றுண்டி, அம்மா வந்து பாலூட்ட நேரம் என்று பட்டியலும் போடுகிறது.

நல்ல சட்டம்தான். 1948-ல் இதை யோசித்ததே பெரிய விஷயம். ஆனால், கவனித்தீர்களா? பெரியவர்களின் பெட்டிக்குச் சான்றிதழ் வாங்கிய ஆள் கட்டாயம். பிள்ளைகளின் அறைக்குப் 'பராமரிப்பில் பயிற்சி' போதும். முதலுதவி என்ற சொல்லே அந்தப் பிரிவில் இல்லை.

'பெட்டிக்காரரே பிள்ளையையும் பார்த்துக்கொள்வாரே' என்று தோன்றும். அவர் கற்றது பெரியவர்களுக்கான முதலுதவி. பெரியவருக்கு மூச்சடைத்தால் வயிற்றில் அழுத்துவார்கள். ஒரு வயதுக்குக் கீழே இருக்கும் குழந்தைக்கு அப்படிச் செய்யவே கூடாது. உள்ளுறுப்பு காயப்பட்டுவிடும். பச்சிளம் குழந்தைக்கு நெஞ்சை எவ்வளவு அழுத்துவது, மூச்சை எவ்வளவு ஊதுவது என்பதெல்லாம் வேறு கணக்கு. அதனால்தான் 'குழந்தைகளுக்கான முதலுதவி' என்று தனிப் பயிற்சியே இருக்கிறது.

பட்டாசு ஆபீஸில் இன்னொரு சிக்கலும் உண்டு. மருந்து இருக்கும் வளாகத்துக்குள் குழந்தைகளை வைத்திருப்பது ஆபத்து. காப்பகம் தள்ளித்தான் இருக்க வேண்டும். தள்ளி இருந்தால் அம்மாவும் தூரம், பெட்டிக்காரரும் தூரம். மூச்சு நின்று நான்கைந்து நிமிடம் போனாலே மூளை பாதிக்கப்படத் தொடங்கிவிடும். 2008-லிருந்து தமிழ்நாட்டில் ஓடும் 108 ஆம்புலன்ஸ் எவ்வளவு வேகமாக வந்தாலும், அந்த முதல் நான்கைந்து நிமிடம் அறைக்குள் இருப்பவர் கையில்தான்.

புதுச் சட்டத்தில் கணக்கு மாறுது

2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் அமலுக்கு வந்தன. அதில் ஒன்று, தொழில் பாதுகாப்பு, சுகாதாரம், பணிச்சூழல் பற்றிய 2020 தொகுப்பு. பழைய தொழிற்சாலைகள் சட்டத்தின் இடத்துக்கு இப்போது இதுதான்.

காப்பகத்துக்கான எண்ணிக்கை இதில் மாறிவிட்டது. முன்பு '30-க்கு மேல் பெண்கள்'. இப்போது '50-க்கு மேல் தொழிலாளர்கள்', ஆண் பெண் எல்லோரும் சேர்த்து. 2017 மகப்பேறு நலத் திருத்தச் சட்டமும் 50 ஊழியர்கள் என்றுதான் கணக்கு வைத்தது. அம்மா ஒரு நாளில் நான்கு முறை போய்ப் பார்க்கலாம் என்றும் சொன்னது.

இந்த மாற்றத்தில் லாபமும் உண்டு, நஷ்டமும் உண்டு. 60 பேர் வேலை செய்யும் இடத்தில் 25 பேர் பெண்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பழைய சட்டப்படி காப்பகம் கட்டாயம் இல்லை, இப்போது வரும். பிள்ளை அப்பாவுடையதும்தானே என்று சட்டம் ஒப்புக்கொள்வதும் நல்லதே. ஆனால், 45 பேரில் 35 பேர் பெண்கள் என்றால்? பழைய சட்டப்படி கட்டாயம், இப்போது கிடையாது. சின்னச் சின்ன யூனிட்டுகள் நிறைந்த விருதுநகர் மாவட்டத்தில் இந்த ரெண்டாவது கணக்கு கவலை தருகிறது. உள்குத்தகை இருந்தால் இன்னும் மோசம். ஒரே வளாகத்து ஆட்களை நாலு பேர் பெயரில் பிரித்துக் காட்டினால் எந்தக் கணக்கிலும் 50 வராது. அச்சங்குளத்துக்குப் பிறகு உள்குத்தகையை வெடி ஆபத்தாக மட்டும் பார்த்தோம். அது பிள்ளைகளின் உரிமையையும் கரைக்கும்.

அதே தொகுப்பில் ஒரு கதவும் திறந்திருக்கிறது. பல நிறுவனங்கள் பணம் போட்டுப் பொதுவாக ஒரு காப்பகம் நடத்தலாம். அரசு, உள்ளாட்சி, தொண்டு நிறுவனம் நடத்தும் காப்பகத்தையும் பயன்படுத்திக்கொள்ளலாம். பட்டாசு ஊர்களுக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரியான வழி இது. வெடி அபாயத்துக்குத் தள்ளி, ஊருக்குள்ளேயே, வேன் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு நல்ல காப்பகம். நாலைந்து ஆபீஸ்கள் சேர்ந்தால் ரெண்டு பேருக்கு முதலுதவிப் பயிற்சி கொடுப்பதெல்லாம் பெரிய செலவே கிடையாது.

பால்வாடி டீச்சர் லீவு போட்டா?

கிராமத்தில் பெரும்பாலான குட்டிகள் கம்பெனி காப்பகத்துக்குப் போவதில்லை, பால்வாடிக்குத்தான் போகிறார்கள். பெயர்ப் பலகையில் அங்கன்வாடி என்று இருக்கும், ஊருக்கு அது பால்வாடிதான். 1975-ல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் கீழ் தமிழ்நாட்டில் 54 ஆயிரத்துக்கும் மேற்பட்ட மையங்கள். சத்துணவு, எடை, தடுப்பூசி விஷயத்தில் நாம் பெருமைப்படும் அமைப்பு இது.

ஒரு முழு மையத்தில் டீச்சர் ஒருவர், உதவியாளர் ஒருவர். டீச்சருக்கு எடை பார்க்கணும், ஆப்பில் பதிவு ஏத்தணும், மீட்டிங் போகணும், சில ஊர்களில் வாக்காளர் பட்டியல் வேலையும் பார்க்கணும். அவர் வெளியே போனால் உள்ளே உதவியாளர் மட்டும். அடுப்பும் அவர் பொறுப்பு, பிள்ளைகளும் அவர் பொறுப்பு. முதலுதவிப் பயிற்சியை டீச்சருக்கு மட்டும் கொடுத்தால், அவர் வெளியே போகும் நாளில் மையத்தில் பயிற்சி பெற்றவர்களின் எண்ணிக்கை பூஜ்யம். இது டீச்சர்மேல் குறை இல்லை. ரெண்டே பேரை வைத்து நடத்தும் அமைப்பின் குறை.

பால்னா திட்டத்தில் அங்கன்வாடியோடு சேர்ந்த காப்பகம் உண்டு. ஆறு மாதம் முதல் ஆறு வயது வரை, மாதம் 26 நாள், ஒரு நாளைக்கு ஏழரை மணி நேரம். கேட்க நன்றாக இருக்கிறது. வேன் பயணத்தையும் சேர்த்துப் பாருங்கள், ஏழரை மணி நேரம் போதாது. முன்னேயும் பின்னேயும் விழும் இடைவெளியில் பாப்பா இருப்பது அப்பத்தாவிடமோ, ஸ்கூலுக்குக் கிளம்பிக்கொண்டிருக்கும் அக்காவிடமோதான். அதனால், ஊரில் ஒரு பயிற்சி நடந்தால் அப்பத்தாவுக்கும் அங்கே ஒரு நாற்காலி போட வேண்டும்.

ஒரு நாடு எப்படி மாறியது?

இங்கிலாந்தில் 2012-ல் ஸ்டாக்போர்ட்டில், ஒன்பது மாதக் குழந்தை ஒன்று நர்சரியில் சாப்பிடும்போது உணவு தொண்டையில் சிக்கி இறந்துபோனது. பெற்றோர் வீட்டோடு முடங்கவில்லை. நர்சரி ஊழியர் எல்லோருக்கும் குழந்தை முதலுதவி தெரிந்திருக்க வேண்டும் என்று இயக்கம் நடத்தினார்கள். குழந்தைகள் இருக்கும் நேரம் முழுக்க, செல்லுபடியாகும் குழந்தை முதலுதவிச் சான்றிதழ் உள்ள ஒருவராவது வளாகத்தில் இருக்க வேண்டும், வெளியே கூட்டிப் போனாலும் உடன் போக வேண்டும் என்பது அங்கே ஏற்கெனவே விதி. 2016-ல் அதை இறுக்கினார்கள். புதிதாகத் தகுதி பெற்று வருபவர் குறிப்பிட்ட காலத்துக்குள் இந்தச் சான்றிதழ் வாங்காவிட்டால், 'இத்தனை குழந்தைக்கு இத்தனை பேர்' என்ற கணக்கில் அவரைச் சேர்க்க முடியாது. சான்றிதழை மூன்று வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கணும். 2025 செப்டம்பர் முதல், பிள்ளைகள் சாப்பிடும்போது அந்த அறைக்குள்ளேயே சான்றிதழ் உள்ள ஒருவர் இருக்கணும்.

அந்த நாட்டுப் பணமும் வசதியும் நமக்கு இல்லை என்பது உண்மை. ஆனால், அந்த விதியின் உயிர்நாடி பணம் இல்லை. அது கேட்பது 'பெட்டி இருக்கா' என்று இல்லை, 'இந்த நிமிஷம் ஆள் இருக்கா' என்று. 1948-லேயே நம் 45-வது பிரிவு பெரியவர்களுக்காக அதைத்தான் கேட்டது. அதே வரியைப் பிள்ளைகளின் அறைக்கும் எழுதச் சொல்கிறோம், அவ்வளவுதான். புதுத் தொகுப்புக்கான விதிகளில் இதைச் சேர்க்கலாம்: காப்பகம் திறந்திருக்கும் நேரம் முழுக்கக் குழந்தை முதலுதவிச் சான்றிதழ் உள்ள ஒருவர், லீவு நாளுக்காக இன்னொருவர், இருவர் பெயரும் சுவரில்.

சரி, நீங்க என்ன செய்யலாம்?

முதலில், உங்களுக்குத் தெரிந்த குட்டி போகும் இடத்தில் இந்த ஐந்தையும் கேளுங்கள். சண்டை போட வேண்டாம், சும்மா கேளுங்கள்.

1. குழந்தை முதலுதவி பழகியவர் யார்? அவர் இப்போ உள்ளே இருக்காரா?

2. அவர் லீவு போட்டா யாரு?

3. கடைசியா எப்போ பயிற்சி எடுத்தாங்க? பொம்மையை வைத்துச் செய்து பழகினாங்களா, வீடியோ பார்த்ததோட சரியா?

4. சாப்பாட்டு நேரத்துல பக்கத்துல உட்கார்ந்து பார்க்கிறது யாரு?

5. அவசரம்னா எந்த ஆஸ்பத்திரி, எந்த வண்டி?

அடுத்து, நீங்களே கற்றுக்கொள்ளுங்கள். இந்தியச் செஞ்சிலுவைச் சங்கமும் செயின்ட் ஜான் ஆம்புலன்ஸும் முதலுதவிப் பயிற்சி கொடுத்துச் சான்றிதழும் தருகின்றன. குழந்தைகளுக்கான பகுதியும் சேர்த்து வேண்டும் என்று கேட்டுச் சேருங்கள். அதுவரைக்கும் இந்த நாலு விஷயத்தை மனதில் வையுங்கள்.

தொண்டையில் சிக்கினால்: பிள்ளை சத்தமாக இருமினால் இருமவிடுங்கள். சத்தமே வரவில்லை, மூச்சு போகவில்லை என்றால், ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தையைத் தலை கீழே இருக்குமாறு முன்கையில் குப்புறச் சாய்த்து, தோள்பட்டைகளுக்கு நடுவில் ஐந்து தட்டு. பிறகு மல்லாக்கத் திருப்பி, நெஞ்சின் நடுவில் ஐந்து அழுத்தம். மாறி மாறி. ஒரு வயதுக்கு மேல் என்றால் ஐந்து தட்டு, பிறகு தொப்புளுக்கு மேலே ஐந்து அழுத்தம். கண்ணுக்குத் தெரியாத பொருளை விரல் விட்டுத் துழாவாதீர்கள், இன்னும் உள்ளே போய்விடும். இன்னொருவரை 108-க்குப் போன் போடச் சொல்லுங்கள்.

சுட்டுக்கொண்டால்: ஓடும் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம். ஐஸ், இங்க், பேஸ்ட், மாவு எதுவும் வேண்டாம். ஒட்டிய துணியைப் பிய்க்காதீர்கள். சுத்தமான துணியால் மூடி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள்.

வலிப்பு வந்தால்: ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயில் எதையும் திணிக்காதீர்கள், கையில் சாவிக்கொத்தும் வேண்டாம். கடிகாரத்தைப் பாருங்கள். முதல் தடவை வருகிற வலிப்பு என்றாலோ, ஐந்து நிமிடம் தாண்டினாலோ உடனே 108.

மண்ணெண்ணெய் குடித்துவிட்டால்: வாந்தி எடுக்க வைக்காதீர்கள். நுரையீரலுக்குள் போனால் ஆபத்து அதிகம். குடித்த பாட்டிலையும் எடுத்துக்கொண்டு கிளம்புங்கள்.

பட்டாசு ஊரில் இருப்பவர்களுக்கு இன்னும் ஒன்று. வேலை முடிந்து வந்ததும் பாப்பாவைத் தூக்க மனசு துடிக்கும். தெரியும். ஆனால், கை, முகம் கழுவி, சேலையை மாற்றிவிட்டுத் தூக்குங்கள். மருந்துத் தூள் பிள்ளையின் வாய்க்குப் போகக் கூடாது.

கடைசியாக ஒரு வேலை. உங்கள் ஊரில் அடுத்த கிராம சபை ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 போன்ற ஒரு நாளில் வரும். போய் உட்கார்ந்து ஒரு தீர்மானம் கொடுங்கள்: 'எங்கள் ஊர் அங்கன்வாடி டீச்சருக்கும் உதவியாளருக்கும் குழந்தை முதலுதவிப் பயிற்சி வேண்டும். பயிற்சி பெற்றவர் பெயரைச் சுவரில் எழுத வேண்டும்.' ரெண்டே வரி. விருதுநகர் 2018-லிருந்து மத்திய அரசின் முன்னேற விழையும் மாவட்டங்கள் பட்டியலில் இருக்கும் மாவட்டம். சுகாதாரமும் கல்வியும் அங்கே மதிப்பெண் போட்டுப் பார்க்கப்படுகின்றன. அந்தக் கணக்கில் இந்த ரெண்டு வரியையும் சேர்க்கச் சொல்லிக் கேட்க அச்சங்குளத்துக்காரர்களுக்கு முழு உரிமை உண்டு.

அடுத்த தடவை வேனில் ஏறும் அக்கா, பாப்பாவை இறக்கிவிடும்போது சுவரில் அந்தப் பெயரைப் பார்க்கட்டும். அந்தப் பெயருக்குரியவர் வாசலில் நிற்கட்டும். வேலைக்குப் போகிற அம்மாவுக்கு நாம் செய்து கொடுக்க வேண்டிய குறைந்தபட்சம் அது.